சூடான எண்ணெயில் மெய் கண்ட தோர்லைவ் உண்ட்ஹைம் அவர்களுக்கு

கல்வேலி சூழ்ந்த யேரன் வட்டாரக் கழனிகளில் கடற்காற்றோடு காற்றாய்க் கலந்து உழைத்தவரே! கரியும் எண்ணெயும் படிந்த கைகளால் பிறர் கவலை துடைத்தவரே! பழுதைக் கண்டதும் பழிசொல்ல ஆள் தேடாமல், அதன் வேரைத் தேடிய வித்தகரே! பொய்யை மருந்தாகக்கூட எவருக்கும் புகட்டாத பெருந்தகையே! ஹாவ்பாக்கன் டிராக்டர் பணிமனையின் மூத்த மெக்கானிக்கே, எங்கள் அன்புக்குரிய தோர்லைவ் உண்ட்ஹைம் அவர்களே! வணங்கி வரவேற்கிறோம்.

மேசையில் வாஃபிளும் காபியும் காத்திருக்கின்றன. தங்கள் பணிநிறைவு நாளில் மகிழ்ந்து வாசிக்க வேண்டிய மடல்தான் இது. ஆயினும் இது விடைதரும் மடலுமாயிற்றே, பொறுத்தருள்க. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அறுவடைக் காலத்தின் அவசரத்திலும் பனிக்காலத்தின் பல்கிட்டும் குளிரிலும், அழைத்த வீட்டுக்கெல்லாம் சென்றீர்கள். வியாழன்தோறும் இங்கே வழக்கமான உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைப் பாதியில் விட்டுவிட்டுத் தாங்கள் எழுந்து ஓடிய நாட்களை எண்ணினால், தங்களுக்குப் பசியே கிடையாதோ என்று எங்களுக்கு ஐயம் வரும்!

டிராக்டரின் முன்னால் பாரம் தூக்கும் லோடர் தானாகத் தாழ்கிறது என்று எவரேனும் வந்து முறையிட்டால், அந்நாளில் தாங்கள் சிரிப்பீர்கள். "நீ வேலை செய்யற வேகத்தப் பாத்துப் பாத்து அதுக்கே தூக்கம் வந்துடுச்சுபோல" என்பீர்கள். "தூங்கட்டும் விடுப்பா, உன் பில்லப் பாத்தா தானா முழிச்சுக்கும்" என்று வந்தவர் மடக்குவார். தூக்கிய இரும்புக் கைகள் மெல்ல மெல்ல இறங்குவதை அப்போது இந்த வட்டாரத்தில் யாரும் பெரிதாக எண்ணியதில்லை. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. அது ஏன் நின்றது என்பதை மறைத்துவிட்டுத் தங்களைப் பாராட்டினால் அது பாராட்டாகாது. எதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள் என்று எங்களைக் கேட்டுக்கொண்டவர் குட்வைக் அம்மையார். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

குட்வைக்கின் கணவர் ஸ்வைனுங். பால்பண்ணையை அவரும் அவர் தம்பி ஓட்னேயும் சேர்ந்து நடத்தினர். வயலுக்கு எருவடிக்கும் வசந்தகாலம் அது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த டிராக்டரின் முன் அச்சில் வைக்கோல் கட்டும் கயிறு சுற்றிக்கொண்டது. இருக்கையிலிருந்த ஓட்னே லோடரை உயரத் தூக்கி எஞ்சினை அணைத்தார். ஸ்வைனுங் அதன் கீழே போய், அச்சின்மேல் கவிழ்ந்து கயிற்றை அறுக்கத் தொடங்கினார். வேலி தாண்டும் கிடேரிகளைத் தம்பி பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெரும் பாரம் சத்தமில்லாமல் இறங்கி அண்ணனின் முதுகை அழுத்திவிட்டது. எஞ்சினை முடுக்கி மறுபடி தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நான் லீவரத் தொடவே இல்ல" என்றார் ஓட்னே. விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னார்; பாதிரியாரிடம் சொன்னார்; கேட்காதவர்களிடமும் சொன்னார். மறுநாள் விடியற்குளிரில் லோடரைத் தூக்கிப் பார்த்தார்கள். அது பாறைபோல நின்றது. கை படாமல் இது இறங்காது என்று முடிவாயிற்று. வழக்கு ஏதும் வரவில்லை. ஆனால் கடையில் அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. எப்போதும்போல ஒரு காலை பால் கறக்க வந்தவரைக் குட்வைக் வாசலிலேயே நிறுத்தினார். "இனிமே நீ வர வேணாம் ஓட்னே. உன் கையப் பாக்கவே என்னால முடியல."

அந்தக் கோபம் ஒன்றைத்தான் குட்வைக் அந்தக் கோடை முழுவதும் பற்றிக்கொண்டு நின்றார். அதை விட்டால் விழுந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இலையுதிர்காலத்தில் அவர் அந்த டிராக்டரை விற்றார். வாங்கியவர் ஒரு நாள் வேலைவாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். "காலையில நல்லாத்தான் நிக்குது. மத்தியானம் ஆனா லோடர் தானா எறங்குதும்மா" என்றார். குட்வைக் ஐந்தாறு நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகுதான் தங்களை அழைத்தார். இந்த முறை தாங்கள் சிரிக்கவில்லை.

கொட்டகைக் கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு அவர் நின்றார். தாங்கள் கனத்த மரத்துண்டுகளை லோடரின் கீழே இருபுறமும் அடுக்கினீர்கள். அது விழுந்தாலும் அவற்றின்மேல்தான் விழ வேண்டும். கனத்த ஈரப்புல் தீவன உருண்டை ஒன்றைத் தூக்கி நிறுத்தி, லோடரை உயர்த்தும் சிலிண்டரின் பளபளக்கும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடிட்டுக் காத்திருந்தீர்கள். கோடு அசையவில்லை.

"பாத்தியா? நிக்குது" என்றார் குட்வைக். குரலில் ஒரு நிம்மதி.

"அன்னிக்குக் காலையிலேர்ந்து ஓடின வண்டி இது. எண்ணெய் சூடேறட்டும்" என்றீர்கள்.

முற்பகல் முழுவதும் வேலைவாங்கிவிட்டு மறுபடி தூக்கி எஞ்சினை அணைத்தீர்கள். இம்முறை கோடு நகர்ந்தது. முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதுபோல அந்தத் தண்டு சிலிண்டருக்குள் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளைக் கோடு மறைந்தது. இரும்பு மரத்துண்டுகளின்மேல் வந்து அமர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. குட்வைக் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை தாங்கள். அழுத்தம் எங்கே கசிகிறது என்று காணாமல் எதையும் சொல்வது தங்கள் வழக்கமில்லையே! சிலிண்டர்களின் மேல்பக்க ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, கீழே ஒரு தகரத்தட்டை வைத்து, அடிப்பக்கமிருந்து எண்ணெயை அழுத்திப் பார்த்தீர்கள். உள்ளே எண்ணெயைத் தடுக்கும் சீல் கிழிந்திருந்தால் மேல்வாயில் கொட்டியிருக்கும்; இரண்டொரு சொட்டோடு நின்றது. சிலிண்டர் குற்றமற்றது. ஆகவே எண்ணெயைத் திறந்து மூடும் வால்வைப் பிரித்தீர்கள். லீவர் அசைக்கும் அந்தச் சிறு உருளைத்தண்டு ஒருபக்கம் தேய்ந்து கோடுகோடாய்க் கிடந்தது. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாயிருக்கும்வரை அது தாங்கும்; சூட்டில் நீர்த்ததும் அந்தத் தேய்மானத்தின் வழியே நழுவிவிடும்.

"வால்வுதான் குட்வைக். யார் கையும் படல. ஓட்னே சொன்னது நெசம்."

"நல்லாப் பாத்தியா? இன்னொரு தரம் பாரேன்."

"பாத்துட்டேன்."

 தாங்கள் லோடரின் குறுக்குக் குழாயைத் தடவியபடி, உள்நோக்கம் ஏதுமின்றிக் கேட்டீர்கள்: "இது எறங்குதுன்னு ஸ்வைனுங்குக்கும் தெரிஞ்சிருக்கு. இங்க பாரு, முட்டுக் கொடுத்த தடம், ரொம்பப் பழசு இல்ல. தடியான மரக்கம்பம்தான். அது எங்க?"

குட்வைக் கையை மட்டும் நீட்டினார். கன்றுக்கொட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது அந்தக் கம்பம்.

"அன்னிக்குக் காலையில காத்து கதவ ஒடச்சிடுச்சு. சுவத்துல சாஞ்சிருந்துது, நான்தான் எடுத்துட்டு வந்தேன். அவர்கிட்ட சொல்லல. மதியம் சாப்பாட்டுக்கு வருவாருல்ல, சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு தங்கள் சட்டையைப் பற்றிக்கொண்டார். "ஓட்னே கை லீவர்ல பட்டுதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா நீ? எனக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா தோர்லைவ்?"

ஐயா! அந்தக் கேள்விக்கு முன்னால் எங்களில் எவரும் தடுமாறியிருப்போம்.

"கம்பம் இல்லன்னு தெரிஞ்சேதான் அவன் கீழ போனான். அது அவன் எடுத்த முடிவு. நீ கதவுக்கு முட்டுக் கொடுத்தே. அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல" என்றீர்கள்.

"அவ்வளவுதானா?"

"இல்ல. ஓட்னேகிட்ட இத நீதான் சொல்லணும். நான் வண்டி ஓட்டறேன்."

மழையில் போனீர்கள். கதவைத் திறந்த ஓட்னே இளைத்துப்போயிருந்தார். முதலில் வால்வைப் பற்றிச் சொன்னார் குட்வைக். ஓட்னே வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் முழங்கை பட்டிருக்குமோன்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன் அண்ணி" என்றார். பிறகு குட்வைக் கம்பத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். மழை கூரையில் பெய்துகொண்டிருந்தது. ஓட்னே தலையைத் தூக்காமலே கேட்டார்: "கன்னுக்குட்டிங்களுக்கு இப்ப யாரு பால் காட்டறா?"

"நான்தான்."

அவர் எழுந்து தம் ரப்பர் பூட்ஸைத் தேடத் தொடங்கினார்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல எங்களால் இயலாது. ஓட்னே அதன்பின் டிராக்டரில் ஏறவேயில்லை. பண்ணைக்கு நடந்தே வந்தார், நடந்தே போனார். குட்வைக் கம்பத்தைத் தம் கையால் அறுத்து அடுப்பில் இட்டார். அதனால் பாரம் குறைந்ததென்று அவர் சொன்னதில்லை. கடையில் அன்று முகந்திருப்பிக்கொண்டவர்கள் பிறகு திரும்பிப் பார்த்தார்கள். வருந்துகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னவர் சிலரே. சென்ற வசந்தத்தில் ஓட்னேயின் நெஞ்சு நின்றுபோயிற்று. ஸ்வைனுங்கைத் தங்களால் மீட்டுத் தர முடியவில்லை, எவராலும் முடியாது. ஆனால் "நான் தொடவில்லை" என்ற ஓர் எளிய மனிதரின் சொல்லை மீட்டுத் தந்தீர்கள். அது மெய்யென்று ஊர் அறிய, தாமும் அறிந்தே அவர் கண்மூடினார்.

அண்மைய குளிர்காலங்களில் தங்கள் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதைக் கண்டோம். அதிரும் கருவிகளை ஆயுளெல்லாம் பற்றியதன் பலன் அது. திருகாணி கைநழுவி விழும்; குனிந்து எடுப்பீர்கள்; நாங்கள் வேறெங்கோ பார்ப்போம். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டிடலாம்" என்று மருத்துவரிடம் மன்றாடினீர்களாம், அவர் மறுத்துவிட்டார். தாங்கள் விரும்பிச் செல்லவில்லை. நாங்களும் விரும்பி விடைதரவில்லை.

ஆகவே, அறிவாலும் அறத்தாலும் எங்களை ஆண்ட அண்ணலே! கடற்கரை மணல் காயும் கோடைநாட்கள் தங்களுக்குப் பலவாய் வாய்க்கட்டும். அம்மணலில் புதையும் அந்த விரல்களுக்குச் சூடும் உணர்வும் திரும்பட்டும். வியாழக்கிழமைக் கொழுக்கட்டையை இனியேனும் ஆறுவதற்குள் முழுதாய் உண்பீராக! நோயற்ற உடலும் நீண்ட ஆயுளும் நிறைந்த உறக்கமும் தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் வாய்க்க வேண்டுகிறோம். தொலைபேசி அடித்தால், எடுக்க வேண்டாம், ஐயா. நாங்கள் போய்க்கொள்கிறோம்.

தங்களுக்கு விடைதர மனம் வராத,
ஹாவ்பாக்கன் டிராக்டர் பணிமனைப் பணியாளர்கள்