ஒரு இலைகூட பாக்கி இல்ல

அஸ்ஸலாமு அலைக்கும்!

இந்தப் பூத்தையல் கண்காட்சிக்குத் தலைமை தாங்குற, காலையில என் தோள்ல கைபோட்டு ஒரு கோரிக்கையும் வச்ச, எங்க கலாச்சார மன்றத் தலைவர் ஹிக்மத் அண்ணே அவர்களே! ஒத்தைப் பென்சிலை வச்சு வெள்ளைத் துணியில தோட்டம் போடுற, நம்ம நூரதா ஊர்ல பாதிப் பொண்ணுங்களோட கல்யாணத் துணிக்குக் கோலம் வரைஞ்ச ஓய்தின் அக்கா அவர்களே! முன்வரிசையில நீல முக்காட்டோட உக்காந்திருக்கிற, என் மவ்ஜுதாவைப் பெத்த தாய், என் மாமியார் ஸைனப் அம்மா அவர்களே! ஊசியால ஊரை ஆளுற தாய்மார்களே! நூலால நாளை நகர்த்துற தங்கச்சிமார்களே! நேத்து சாயங்காலம்தான் டயாலிசிஸ் வார்டுல நாலாம் நம்பர் மெஷின்லருந்து எந்திரிச்சு, இன்னைக்குக் காலையில மூணாவது வரிசைக்கு வந்து சேர்ந்துட்ட தோஜிகுல் அக்கா அவர்களே! அப்புறம், மவ்ஜுதா தைச்ச துணிக்குப் பக்கத்துல எங்க மகளோட துணியை மாட்டாதீங்கன்னு சொல்லியனுப்பின பதினோரு தாய்மார்களே! உங்களை விட்டுட்டா கூட்டம் முழுசாகாது. உங்களுக்கும் என் நெஞ்சுல கைவச்சு சலாம்!

என் பேரு சுக்ரோப். எனக்கு மேடையில பேசத் தெரியாது. நான் மெஷின் ரிப்பேர் பண்றவன். டயாலிசிஸ் மெஷின். அது தப்பு நடந்தா கத்தும். நான் போயி, எந்தக் குழாய்ல அழுத்தம் ஏறுச்சு, எந்த வால்வு அடைச்சுதுன்னு பாப்பேன். மெஷின் பொய் சொல்லாது. மனுஷங்க கத்துறப்போதான் எங்க அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரியறதில்ல.

ஹிக்மத் அண்ணே, காலையில நீங்க கேட்டதை இங்க சொல்லிடறேன். கோவிச்சுக்காதீங்க.

நான் துணி மூட்டையோட உள்ள வர்றேன். அண்ணன் என்னை ஓரமா கூட்டிட்டுப் போறாரு. "தம்பி, ஒரே ஒரு இலை. சின்னதா ஓரத்துல ஒரு இலை. பிரிச்சு விட்டுட்டு மாட்டிருவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே அண்ணே."

"ஊரு பேசுதுப்பா. பொண்ணுங்க பயப்படுது."

"எதைப் பாத்து அண்ணே? துணியைப் பாத்தா?"

பாவம், நல்ல மனுஷன். சத்தம் போடாம இந்த மேஜையில தண்ணி ஜாடி பக்கத்துல ஒரு கத்திரிக்கோலை வச்சிட்டுப் போனாரு. அதோ, இருக்கு. பின்வரிசைக்குத் தெரியுதா? தெரியுதா? நல்லாப் பாத்துக்கங்க.

நம்ம வழக்கம் நமக்குத் தெரியும். சுசானிப் பூத்துணி தைக்கிறவ கடைசியில ஒரு இலையையோ ஒரு இதழையோ தைக்காம விட்டுடணும். முழுசா முடிச்சா ஆயுசும் முடிஞ்சிரும்னு சொல்லுவோம். பாக்கி வேலை இருந்தா பாக்கி நாளும் இருக்கும்னு சொல்லுவோம். இந்த மண்டபத்துல தொங்குற அத்தனை துணியிலயும் எங்கயோ ஒரு வெள்ளை இலை ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. மவ்ஜுதா துணியில அப்படி எதுவும் இல்ல. அவ முழுசாத் தைச்சா. நவ்ரூஸ் புதுவருஷத்துக்கு முந்தின நாள் முடிச்சா. பதினோரு வாரம் கழிச்சு, ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலை, ஆஸ்பத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பி, சாக்ஸ் போட்டுக்கிட்டு இருக்கும்போது போயிட்டா. ஒரு கால்ல போட்டிருந்தா. இன்னொண்ணு கையில இருந்துச்சு.

ஊரு கணக்குப் போட்டுருச்சு. துணியை முடிச்சா, அதனால முடிஞ்சா!

அதனாலயா? அந்த இலையாலயா?

அப்படின்னா ஒண்ணு கேக்கறேன். மலையடிவாரத்துல நம்ம கல்லறைத் தோட்டம் இருக்கு. அங்க படுத்திருக்கிற அம்மாமாருங்க அத்தனை பேரும் ஒரு இலையை விட்டு வச்சவங்கதானே? ஒழுங்கா, பயபக்தியா, வெள்ளையா விட்டு வச்சவங்கதானே? அந்த இலை எங்க போச்சு? யாரைத் தடுத்துச்சு? யாரைத் திருப்பி அனுப்புச்சு?

என்ன அக்கா? சத்தமாச் சொல்லுங்க... "படிச்சவன் திமிரு"ங்கறாங்க. இருக்கட்டும் அக்கா. உங்களுக்கும் பதில் வச்சிருக்கேன். கொஞ்சம் பொறுங்க.

மொதல்ல மவ்ஜுதாவைப் பத்தி சொல்லணும்.

அவளை நான் மொதமொதல்ல பாத்தது நாலாம் நம்பர் மெஷின்ல. அது கத்திக்கிட்டு இருந்துச்சு. நான் பெட்டியைத் தூக்கிட்டு ஓடறேன். படுக்கையிலருந்து ஒரு குரல். "எஞ்சினியரே, இதோட வாயை மூடுங்க. அரைமணி நேரமா என் மாமியார் மாதிரி கத்துது."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகல. ஆனா, ஆச்சுன்னா எப்படி இருக்கும்னு பழகிக்கிறேன்."

ஆறு மாசத்துல கல்யாணம். எங்க வீட்டுல சொன்னாங்க: கிட்னி போன பொண்ணுடா. ஸைனப் அம்மாவும் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா அம்மா? "மருமகனே, நல்லா யோசிச்சுக்க, நாங்க எதையும் மறைக்கல." யோசிச்சேன். மூணு நிமிஷம் யோசிச்சேன். அலாரத்தை அணைச்சா ரெண்டு நிமிஷத்துல திரும்ப அடிக்கும். நான் ஒரு நிமிஷம் அதிகமாவே எடுத்துக்கிட்டேன்.

நோய்னா என்ன? நோய்னா வலின்னு நினைக்கிறோம். இல்ல. நாள்பட்ட நோய்னா, எல்லாத்தையும் பாதியில நிறுத்தறது. படிச்ச படிப்பு பாதி. தூக்கம் பாதி. பயணம்னா எங்க போனாலும் ரெண்டு நாளுக்குள்ள திரும்பணும். குழந்தை வேண்டாம்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, அந்த வாக்கியத்தைக்கூட அவரு முழுசா முடிக்கல.

தண்ணிகூடப் பாதிதான். ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு அளவு. நம்ம வீட்டுல விருந்தாளிக்குக் கிண்ணத்துல பாதி டீ ஊத்தறதுதான் மரியாதை, நிறைய ஊத்தினா கிளம்புன்னு அர்த்தம். டாக்டர் அவளுக்கு டீயைக் குறைச்சாரு, அப்புறம் இன்னும் குறைச்சாரு. மவ்ஜுதா சிரிச்சா: "பாத்தீங்களா, எனக்கு மரியாதை கூடிக்கிட்டே போகுது. இன்னும் ஒரு மாசம் போனா, காலிக் கிண்ணத்தைக் கையில கொடுத்துட்டு எந்திரிச்சு நிப்பாங்க!"

சிரிங்க, சிரிங்க. அவ இருந்தா நீங்க சிரிக்கிறதைத்தான் எண்ணிக்கிட்டு இருப்பா.

நோயாளியைப் பாக்கப் போனா என்ன கொண்டுபோவோம்? உலர்ந்த ஆப்ரிகாட் பழம், முலாம்பழம், திராட்சை, மாதுளை. அன்போட கொண்டுவந்தீங்க. அத்தனையும் பொட்டாசியம். கிட்னி இல்லாதவங்களுக்கு விஷம். நீங்க கொண்டுவந்ததையெல்லாம் வரிசையா ஜன்னல்ல அடுக்கி வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பா. ஒருநாள் ஓய்தின் அக்காவை வரச்சொன்னா. "அக்கா, இதெல்லாம் எனக்குத் துணியில வரைஞ்சு கொடுங்க. தைக்கிறதுக்கு டாக்டர் தடை போடல."

ஓய்தின் அக்கா வரைஞ்சாங்க. அக்கா, ஆமாவா இல்லையா? ஆமாங்கறாங்க. மாதுளை ரெண்டு, முலாம்பழம் ஒண்ணு, திராட்சைக் கொடி நாலு பக்கமும். ஆப்ரிகாட் பழம் மட்டும் முப்பது! நாக்கு தொடக்கூடாததை நூல் தொட்டுச்சு.

நம்ம சுசானி நாலு நீளத் துண்டா வரைவாங்க, பிரிச்சுத் தைச்சுக் கடைசியில இணைப்பாங்க. நாலு துண்டை நாலு பேரு தைக்கிறதும் உண்டு. இவ நாலையும் தானே தைச்சா. வீட்டுல இல்ல. வார்டுல! மெஷின்ல படுத்திருக்கும்போது! இடது கையில ரெண்டு ஊசி, குழாய், ரத்தம். அந்தக் கையை அசைக்கக்கூடாது. மிச்சம் வலது கை மட்டும். துணியை யாரு பிடிக்கிறது? பழைய குளுக்கோஸ் ஸ்டாண்டோட கிளாம்பை அறுத்து, நான் ஒரு தாங்கி செஞ்சேன். துண்டு மடியில இறுக்கமா நிக்கும், ஒரு கையால தைக்கலாம். நான் வாழ்க்கையில செஞ்சதுலயே சரியா வேலை செஞ்ச பொருள் அதுதான்.

தோஜிகுல் அக்கா அப்ப பக்கத்துப் படுக்கை, இப்பத்தான் நாலாம் நம்பர். "அடியே, ரத்தம் ஒரு பக்கம் ஓடுது, நூல் ஒரு பக்கம் ஓடுது. எது எங்க போகுதுன்னு உனக்காவது தெரியுதா?"ம்பாங்க.

"உனக்கென்னக்கா? உன் ரத்தம் போற இடத்துக்குப் போயிட்டு வந்துருது. என் நூலு போனா போனதுதான். அதான் பாத்துப் பாத்துப் போடறேன்."

மூணாவது மணி நேரத்துல பிரஷர் இறங்கும். கண்ணு இருட்டும். ஊசியைத் துணியில குத்தி வச்சிட்டுத் தலையைச் சாய்ச்சுக்குவா. கண்ணு தெளிஞ்சதும் எடுப்பா. வாரத்துல மூணு நாள். ரெண்டு வருஷம் ஒரு மாசம். சுகமான பிறகு தைக்கலாம்னு அவ காத்திருக்கல. சுகம் வராதுன்னு அவளுக்குத் தெரியும். நோய் போகட்டும் கலை வரட்டும்னு காத்திருந்திருந்தா, இந்தத் துணியில ஒரு தையல் விழுந்திருக்குமா? ஒரே ஒரு தையல் விழுந்திருக்குமா?

இப்ப, படிச்சவன் திமிருன்னு சொன்னீங்களே அக்கா, உங்களுக்கு.

நானும் பயந்தேன்.

டிப்ளமா வாங்கினவன் நான். மெஷினோட மூளையைக் கழட்டி மாட்டுறவன். துணி முடியப்போகுதுன்னு தெரிஞ்சப்போ எனக்குத் தூக்கம் போச்சு. "ஒரு இலையை விட்டுடு மவ்ஜுதா"ன்னேன். "பாக்கலாம்"ன்னா. விடமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு மத்தியானம், வார்டுலருந்து வந்து அசந்து தூங்குறா. நான் என் கருவிப்பெட்டியத் திறந்து, மெல்லிசு இடுக்கியை எடுத்து, மாதுளைக்குக் கீழ இருந்த பச்சை இலையை ஒவ்வொரு தையலாப் பிரிச்சேன். ஆமா. நானேதான். யாருக்கும் தெரியாது. இன்னைக்குத்தான் சொல்றேன்.

அடுத்த முறை மெஷின்ல துணியை விரிச்சா. பாத்தா.

"எஞ்சினியரே, இங்க ஒரு இலை இருந்துச்சு."

"அப்படியா?"

"ஆடு மேஞ்சிருக்கும் போல."

"இருக்கும்."

"டிப்ளமா வாங்கின ஆடு. இடுக்கியால மேஞ்சிருக்கு."

தோஜிகுல் அக்கா சிரிச்ச சிரிப்புல அவங்க மெஷின் அலாரம் அடிச்சுது. நர்ஸ் ஓடி வந்துட்டா. நான் தலையைக் குனிஞ்சு நிக்கிறேன். எல்லாம் அடங்கினப்புறம் மவ்ஜுதா மெதுவாச் சொன்னா. அந்தக் குரல்ல ஒரு தடவைதான் பேசியிருக்கா.

"என்னை எல்லாத்தையும் பாதியில விடச் சொல்றாங்க. விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு, நான் ஆரம்பிச்சு நானே முடிக்கணும். பயமா இருந்தா நீங்க உங்க பயத்தை வச்சுக்கங்க. என் இலையைக் கொடுங்க."

அந்த இலையைத் திரும்பத் தைச்சா. பச்சை நூல் கைவசம் இருந்துச்சு. அதை எடுக்கல. சிவப்பை எடுத்தா. "நீங்க பிரிச்ச இடம் உங்களுக்கு மறக்கக்கூடாது"ன்னா. அந்தத் துணியில நூத்துக்கணக்குல பச்சை இலை. ஒரே ஒரு சிவப்பு இலை.

அவ போனது ஏன்னு உங்களுக்குச் சொல்றேன். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவுல ரெண்டு நாள் மெஷின் கிடையாது. அந்த இடைவெளியில ரத்தத்துல பொட்டாசியம் ஏறும். ஏறி இதயத்தை நிறுத்தும். கிட்னி போனவங்களுக்கு அந்த இடைவெளிதான் ஆபத்து. இலை இல்ல. நூல் இல்ல. அவ முடிச்சதால அவ ஆயுசு முடியல. அவ முடியப்போறான்னு தெரிஞ்சும் முடிச்சா! அதுக்குப் பேரு திமிருன்னா, அந்தத் திமிரு எனக்கும் வேணும். உங்க மகளுக்கும் வேணும்.

ஸைனப் அம்மா. உங்ககிட்ட நேராச் சொல்றேன். நாப்பதாம் நாள் அன்னைக்கு அடுப்பு பக்கத்துல உக்காந்து நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. "நான் அவ கையிலருந்து ஊசியைப் பிடுங்கியிருக்கணும்"ன்னீங்க. அம்மா, நீங்க பிடுங்கல. அதுதான் நீங்க அவளுக்குச் செஞ்ச பெரிய காரியம். ஆறு வருஷமா அவகிட்டருந்து எல்லாரும் எதையாவது பிடுங்கினோம். நான்கூட ஒரு இலையைப் பிடுங்கினேன். நீங்க மட்டும் பிடுங்கல.

அவ போனதுக்கு நான் இன்னும் அழல. ஏன்னு தெரியல. அதைப் பத்திப் பேச நான் வரல. துணியைப் பத்திப் பேச வந்தேன். இதோ, கயிறு கட்டி மேஜையில கிடக்கு. நேத்தே சுவத்துல ஏறியிருக்கணும். இந்த மன்றம் ஒரு இலையைக் கேக்குது. நான் சொல்றேன், கொடுக்க மாட்டேன்! முழுசா மாட்டினா மாட்டுங்க. மாட்டலைன்னா, நான் வாசல்ல மல்பெரி மரத்துல மாட்டுவேன். மழை வந்தா நனையட்டும், நூரதாவுல மழை எங்க வருது! பிரிக்கணும்னு நினைக்கிறவங்க இருந்தா மேடைக்கு வாங்க. கத்திரிக்கோல் இங்க இருக்கு. அவ முகத்தை நினைச்சுக்கிட்டுப் பிரிங்க. யாரு வர்றீங்க?

யாரு?

...

வழி விடுங்க. வழி விடுங்கப்பா, ஸைனப் அம்மா வர்றாங்க. அம்மா, படி உயரம், கையைக் கொடுங்க. உக்காருங்க. வேண்டாமா? சரி.

அம்மா... கத்திரிக்கோலை ஏன் எடுக்கறீங்க?

ஹிக்மத் அண்ணே, இருங்க. தடுக்காதீங்க. அவங்க துணி அது. என்னைவிட அவங்களுக்கு உரிமை ஜாஸ்தி. பிரிக்கணும்னா அவங்க பிரிக்கட்டும். அம்மா, எந்த இலைன்னு நான் காட்டட்டுமா?

...

மைக்கு கிட்டச் சொல்லுங்க அம்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்.

"இலையா? போடா பைத்தியக்காரா. கயித்தை இந்த முடிச்சுப் போட்டு வச்சிருக்க, வேற எதால அவுக்கறது?"

கேட்டீங்களா? கேட்டீங்களா! கயித்தை வெட்டிட்டாங்க! தோஜிகுல் அக்கா, மெதுவா எந்திரிங்க, இந்த முனையைப் பிடிங்க. ஓய்தின் அக்கா, அந்த முனை. அம்மா, மூணாவது நீங்க. ஹிக்மத் அண்ணே, ஏணி. நீங்களே தூக்கிட்டு வர்றீங்களா? நெஞ்சுல கைவைக்கிறேன் அண்ணே. பதினோரு தாய்மார்ல ஒருத்தங்க எந்திரிச்சு நிக்கிறாங்க. வாங்கம்மா, நாலாவது முனை காலியா இருக்கு. பயமா இருந்தா பயத்தோடயே வாங்க. நானும் பயத்தோடதான் நிக்கிறேன்.

இன்னும் மேல. இடது பக்கம் ஒரு விரல் ஏத்துங்க. போதும்.

அதோ, மாதுளைக்குக் கீழ. சிவப்பா. தெரியுதா?

இவ்வளவு நேரம் ஒரு ரிப்பேர்காரன் பேச்சைப் பொறுத்துக்கிட்ட பெரியவங்களுக்கும், கயித்தை வெட்டின கைக்கும், முனையைப் பிடிச்ச கைகளுக்கும் நன்றி. வர்ற செவ்வாய்க்கிழமை நாலாம் நம்பர் மெஷின்ல, அந்தத் தாங்கியில தோஜிகுல் அக்கா அவங்க முதல் துண்டை மாட்டப் போறாங்க. முழுசாத் தைக்கிறதும் ஒரு இலையை விடறதும் அவங்க இஷ்டம். அதுல யாரும் கை வைக்க வேண்டாம். இடுக்கியை நான் ஏற்கெனவே ஒளிச்சு வச்சிட்டேன்.

எல்லாருக்கும் சலாம்.