அவன விட்ருலே

நீங்க ரிங்கப் பாத்து சூட் போடக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்லியே தம்பி. போடுங்க. தாராளமாப் போடுங்க. நல்ல கை இருக்குன்னா எதுக்குச் சும்மா வச்சிருக்கணும். நான் சொல்றது ஆட்டத்துல கடைசி ரெண்டு நிமிசத்த மட்டும். அந்த நேரத்துல எங்க பயலுக ஒரு மாதிரி ஓடுவானுக. நீங்க பால வச்சுக்கிட்டு நிப்பீக, இவன் ஏன் சம்பந்தமில்லாம அங்கிட்டுப் போறான், அவன் ஏன் யாருமில்லாத எடத்தப் பாத்துக் கைய நீட்டுறான்னு உங்களுக்குக் கோவம் வரும். அதான் முன்னமே சொல்லிக்கிட்டு வாரேன்.

இந்தப் பக்கம் வந்துக்கோங்க, அங்கன வெயிலு அடிக்கி. வேனு இன்னும் கிருஷ்ணன்கோவிலே வரல. தேனி டோர்னமெண்டுக்குப் போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும்.

எங்க டீமு ஆடுற பாஸ்கட்பாலு பூராவும், சூட் போடத் தெரியாத, பாலக் கொண்டாந்து குடுக்க மட்டும் தெரிஞ்ச ஒரு பாயிண்ட் கார்டுக்காக உண்டாக்குன ஆட்டம் தம்பி. ஊர்க்காவலன்னு பேரு. நாங்க காவலன்னுதான் கூப்பிடுவோம். பாத்ததில்லையா? பேராச்சும் கேள்விப்பட்டிருக்கீகளா. சரி சரி. மல்லாங்கிணத்துப் பக்கம் நாங்க ரொம்ப வந்ததில்ல.

அவன் சூட் போடுறதப் பாத்தா நீங்களே சிரிச்சிருவீக. ரெண்டு கையாலயும் நெஞ்சுல இருந்து தள்ளுவான், தலையில இருக்குற தண்ணிக் கொடத்த எறக்கி அடுத்தாளு கையில குடுக்குற மாதிரி. பாலு ரிங்குல படாது, போர்டுல படாது, சில நேரம் போர்டுக்குப் பின்னால போய் விளும். எங்க ஊருச் சனமே கத்தும், காவலா போடாதடா, போடாதடான்னு. அவனும் சேந்து சிரிப்பான். சொல்லிக் குடுக்காதவுக இல்ல. மதுரையில இருந்து ஒரு கோச் வந்து ஒரு மாசம் மெனக்கெட்டாரு. கடைசியில, ஏப்பா, உனக்குக் கண்ணு மட்டும் போதும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஆமா, கண்ணு. அது ஒண்ணு இருந்துச்சு. பால அடிச்சுக்கிட்டு வரும்போது தரையப் பாக்கவே மாட்டான். யாரு எங்கன நிக்கான், யாரு மூச்சு வாங்குறான், யாருக்குக் காலு வலிக்கி, எல்லாம் தெரியும். அவன் கையில இருந்து பாலப் பறிச்சவன் எவனும் இல்ல.

ஆனா ஆட்டம் முடியப் போற நேரத்துல எல்லா டீமும் ஒரே வேலதான் செய்வானுக. காவலன மறிச்சு நிக்க வேண்டிய எதிர் டீமு ஆளு, அவன அப்படியே போட்டுட்டுப் போயி ரிங்குக்கு அடியில நின்னுக்கிடுவான். பெஞ்சுல இருந்து கத்துவானுக, அவன விட்ருலே, அவன விட்ருலேன்னு. அடியில ஒரு ஆளு கூடுதலா நின்னுட்டா என்னாகும், உங்களுக்குச் சொல்லணுமா? மணிமுத்து அங்கன அசைய முடியாது. அந்தா, ரெண்டு சீட்ட அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்ல, அவன்தான் மணிமுத்து. காளீஸ்வரனும் உள்ள நுழைய முடியாது. காளி, பின்னால காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு ஒறங்குறான்ல, அந்த நெட்டப்பய. தூரத்துல இருந்து போடுறதுக்கு எங்களுக்கு அவன் ஒருத்தன்தான். அவன் மேல ஒருத்தன் ஒட்டிக்கிட்டே திரிவான். பெறகு யாரு போட? காவலன்தான் போடணும். அவன் போட்டா விளாது. மூணு டோர்னமெண்டு அப்படியே போச்சு.

இல்ல, அதுவும் செஞ்சு பாத்தோம். கடைசி நேரத்துல அவன வெளிய உக்கார வச்சுட்டு, உங்கள மாதிரி கை நல்லா இருக்குற பயல எறக்குனோம். அவனே டவல எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயி உக்காந்தான், மொகம் சுண்டவே இல்ல. ஆனா அவன் இல்லாம பாலு நடுக்கோட்டத் தாண்டி வரவே இல்ல தம்பி. வந்தாத்தான சூட்டு.

பெறகு ஒரு நாளு பிராக்டிஸ் முடிஞ்சு நிக்கோம். காவலன் எல்லாரு செருப்பையும் எடுத்துட்டு வந்து தரையில வரிசையா வச்சான். சிரிக்காதீக, நெசமாத்தான். இந்தா பாரு முத்து, இதுதான் நான், இது என்னை விட்டுட்டுப் போறவன், இவன் ரிங்குக்கு அடியிலதான நிக்கான். அப்பம் நான் காளிகிட்ட பாலக் குடுத்துட்டு, நேரா போயி காளியப் பிடிக்கிறவன் வழியில நின்னுட்டா, காளிய யாரு வந்து தடுப்பா? என் ஆளுதான் வரணும். அவன் அம்புட்டுத் தூரத்துல நிக்கான். வந்து சேர்றதுக்குள்ள காளி போட்டுருவான். இல்ல, பதறி அடிச்சு வெளிய வந்துட்டான்னா அடியில மணிமுத்து ஒத்தையில நிப்பான். பாலு எனக்கு வரட்டும், நான் அவனுக்குத் தூக்கிப் போட்டுருதேன்னான். என்னை யாரும் வேணாம்னுதான விட்டுட்டுப் போறானுக, நான் எங்க போறேன்னு எவனும் பாக்க மாட்டானுகல்லன்னான்.

முத்துன்னா நான்தான். சங்கிலிமுத்து. கேப்டன்னு பேரு, மத்தபடி ஒண்ணுமில்ல.

அம்புட்டுத்தான் தம்பி. அதுக்கப்பெறம் ரெண்டு வருசம் எங்கள யாரும் அசைக்க முடியல. வேணும்னே ஃபவுல் பண்ணி அவன ஃப்ரீ த்ரோ போட வைக்கலாம், எப்படியும் விளாதுன்னு ஓடியாருவானுக. கைய வைக்கறதுக்குள்ள பாலு அவன்கிட்ட இருக்காது. சத்தம் மட்டும் இருக்கும். எல்லாத்தையும் கத்திச் சொல்லித்தான் ஆடுவான். மணி ஏறு, காளி பின்னால ஆளு, முத்து வலதுலன்னு. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில போர்மேன். ஷெட்ட எல்லாம் தள்ளித் தள்ளித்தான கட்டியிருப்பாக. அங்கன இருந்து இங்கன கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை அப்படி ஆயிருச்சு. நாங்க அவன் மொகத்தப் பாக்கவே மாட்டோம். குரலுதான். குரலு சொல்ற பக்கம் காலு போகும்.

இப்ப எங்க இருக்கானா? சொல்றேன் தம்பி.

தீவாளி சீசன். லோடு ஏறிக்கிட்டிருந்த நேரம், ஷெட்டு ஒண்ணு வெடிச்சிருச்சு. அவனுக்கு ஒரு கீறல் கெடையாது. தண்ணித் தொட்டிகிட்ட நின்னிருக்கான். உள்ள நின்னவுக... ம். பேப்பர்ல பாத்திருப்பீக. வருசா வருசம் பாக்குறதுதான. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிய அத்தன அளுகை, இவன் பெஞ்சுல சட்டையில கரியோட உக்காந்திருக்கான். முழுசா இருக்கானேன்னு எங்களுக்கு உசிரு வந்துச்சு. எங்களப் பாத்து, ஏன்லே எல்லாரும் இம்புட்டு மெதுவாப் பேசுறீகன்னு கேட்டான். அம்புட்டுச் சத்தமாக் கேட்டான். வராண்டாவுல இருந்தவுக எல்லாம் திரும்பிப் பாத்தாக.

ரெண்டு காதும்தான். நரம்பு போயிருச்சுன்னு சொல்லிட்டாக. மெசினு மாட்டிப் பாத்தான், வெறும் இரைச்சல்தான் வருதுன்னு களட்டிட்டான்.

அவன் அளுகவெல்லாம் இல்ல. எனக்குந்தான் அளுகை வரல. ஏன்னு தெரியல. வாரத்துக்கு ஒருக்கப் போயி அவன் கூட உக்காந்திருப்பேன். செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பான், நானும் பாப்பேன். பேச்சு கொறஞ்சு போச்சு. தான் பேசுறது தனக்கே கேக்காதுல்ல, சத்தமாப் பேசுறானா மெல்லப் பேசுறானான்னு அவனுக்கே தெரியாது. அவன் வீட்டுக்காரி மாரிசெல்வி சொல்லும், பொறத்தால இருந்து கூப்பிட்டுட்டு, பெறகு சுத்திப் போயி முன்னால நிக்கேன்ணே, வாயி கேக்க மாட்டேங்குது, தன்னால கூப்பிட்டுருதுன்னு. அந்தப் பிள்ளதான் ஒரு நாளு கிரவுண்டுக்கே வந்துருச்சு. ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே, கண்ணு இருக்குல்ல அவுகளுக்குன்னுச்சு.

எறக்குனோம். சாத்தூர்ல ஒரு டோர்னமெண்டு. கையக் காட்டிக் காட்டிப் பேசிக்கிட்டோம். முத ஆட்டத்துல நாங்கதான் தடுமாறுனோம், அவன் இல்ல. குரலு இல்லாம எங்களுக்குத்தான் காலு எந்திரிக்கல. போகப் போகப் பளகிருச்சு. பைனலுக்கு வந்துட்டோம்.

கடைசி நிமிசம், ஒரு பாயிண்டு பின்னால நிக்கோம். அதே கததான். அவன விட்ருலேன்னு பெஞ்சுல இருந்து கத்துறானுக. அவன் ஆளு விட்டுட்டுப் போயி ரிங்குக்கு அடியில நிக்கான். இவன் காளிகிட்ட குடுத்துட்டுப் போயி வழிய மறிச்சான். காளி கையத் தூக்குறான், அப்பம் விசிலு. மணிமுத்து அடியில ஒருத்தன இடிச்சிட்டான்னு ரெஃப்ரி ஊதிட்டாரு. ஆட்டம் நின்னுருச்சு. காளி பால அப்படியே கீள விட்டுட்டான். எல்லாரும் நின்னுட்டோம்.

காவலன் நிக்கல.

கீள உருண்ட பால எடுத்தான். நிமிந்து பாத்தான். அவன் முன்னால ஒரு ஆளு இல்ல. எதிர் டீமு ஆளுக எல்லாம் கைய எறக்கிட்டு அங்கங்க நிக்கானுக. அவனுக்கு அதுல வித்தியாசம் தெரியல தம்பி. ஆயுசு பூராவும் அவன அப்படித்தான விட்டு வச்சிருந்தானுக. எனக்குத் தெரியுது, விசிலு அவனுக்குக் கேக்கலன்னு. நான் கையத் தூக்குறேன். அவன் என்னையப் பாக்கல, ரிங்கத்தான் பாத்தான். நெஞ்சுல இருந்து தள்ளுனான், அதே மாதிரி.

விளுந்துச்சு. ரிங்குல படவே இல்ல. வலை மட்டும் ஆடுச்சு.

ஒரு சத்தம் இல்ல. கிரவுண்டச் சுத்தி அம்புட்டுச் சனம், ஒருத்தரும் மூச்சு விடல. அவன் திரும்புனான். ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு ஓடியாந்தான், சிரிச்சுக்கிட்டே. சனம் கத்துறாகளா சும்மா இருக்காகளான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கத்துறாகன்னுதான நெனப்பான். நேரா வந்து மணிமுத்தக் கட்டிப் பிடிச்சான். மணியும் கட்டிக்கிட்டான். என்ன செய்வான் பெறகு. நானும் போயிக் கட்டிக்கிட்டேன். எதிர் டீமு பய ஒருத்தன் கை தட்டுனான், கேலிக்கு இல்ல, நெசமாவே தட்டுனான். காவலன் கத அவனுக்கும் தெரியும்ல.

ரெஃப்ரி நல்ல மனுசன். பால எடுக்க வந்தவரு, பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாரு, எடுக்கல. பெறகு அவன் ஸ்கோர் போர்டத் திரும்பிப் பாத்தான். நம்பரு மாறல. ரெஃப்ரி களுத்துல தொங்குன விசிலப் பாத்தான். என் மொகத்தப் பாத்தான்.

கீள கெடந்த பால எடுத்து ரெஃப்ரி கையில குடுத்துட்டு, போயி பெஞ்சுல உக்காந்து ஷூவக் களட்டுனான்.

தோத்தோம்னு நெனக்கேன். தோத்துத்தான் இருப்போம், கப்பு ஒண்ணும் வீட்டுக்கு வரல.

அதுக்கப்பெறம் அவன் ஆடல. கேட்டுப் பாத்தோம், தலைய ஆட்டிட்டான். ஆனா ஆட்டம் பாக்காம இருக்க மாட்டான். எந்த ஊர்ல டோர்னமெண்டுன்னாலும் பஸ் ஏறிப் போயிருவான். போன மாசம் காரியாபட்டியில நீங்க ஆடுனதுக்கும் வந்திருக்கான். போன்ல எனக்கு எழுதி அனுப்புனான், மல்லாங்கிணத்துப் பய ஒருத்தன், அருள்பாண்டியாம், கண்ணு நல்ல கண்ணு, கூப்பிடுன்னு. உங்க சூட்டப் பத்தி ஒரு வார்த்த இல்ல. இல்ல தம்பி, கொறையாச் சொல்லல. அவன் அதப் பாக்க மாட்டான்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, கடைசி ரெண்டு நிமிசத்துல நான் பாலு குடுக்குற எடத்துல சில நேரம் யாரும் இருக்க மாட்டாக. நீங்க தப்பா நெனச்சுக்கிடாதீக. காலு இன்னும் அவன் ஓடுன பக்கமே போகுது. நீங்க உங்க எடத்துல நில்லுங்க, மெல்ல மெல்ல நாங்க வந்துருவோம்.

ஏன் நான் குனிஞ்சே பேசிக்கிட்டு வாரேன்னா? நல்லாக் கவனிச்சீக. சத்தமெல்லாம் எம்புட்டு வேணும்னாலும் போடலாம், அது ஒண்ணுமில்ல. வாயசைவப் பாத்துப் புரிஞ்சுக்கிடுறான், அதுதான். இப்ப நல்லாவே பளகிட்டான். முன்னால டிரைவர் பக்கத்துல, நீலச் சட்ட போட்டு உக்காந்திருக்கான் பாருங்க, பின்னால நம்ம தெரியுற மாதிரி கண்ணாடியத் தன் பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டு. அவன்தான்.

பாத்துட்டான். திரும்புறான். வேற ஏதாவது பேசுங்க தம்பி. உங்க ஊர்ல இந்த வருசம் மழை உண்டுமா?