தொண்ணூறில் ஆரம்பித்த கோடு

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க பாப்பா பார்த்துட்டு, ‘நீ விழவே இல்லம்மா’ன்னு சொல்லிட்டா” என்றார் மூத்தவர்.

“எங்கக்கா விழுந்தீங்க?”

“போர்டுலதான். மணிக்கு சராசரியா எத்தன பீஸ் போடறோம்னு கிராப் ஒட்டறாங்கல்ல. இந்த வாரம் என் கோடு மலையிலருந்து உருண்ட மாதிரி இருந்துச்சு. வேலைய விட்டுத் தூக்கிருவாங்கன்னு சோறே எறங்கல. ஒரு சீட்டுல அப்படியே வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். பாப்பாவுக்கு ஏழாவதுல இப்ப இந்தப் பாடந்தான் நடக்குது.”

“என்ன சொன்னா?”

“‘கோட்டப் பாக்காதம்மா, ஓரத்துல நம்பரப் பாரு. சைபர்லருந்து ஆரம்பிக்காம தொண்ணூறுலருந்து போட்டிருக்காங்க’ன்னா. போன வாரம் தொண்ணூத்தெட்டு, இந்த வாரம் தொண்ணூத்தாறு. ரெண்டே பீஸுதான் கொறைஞ்சிருக்கு. நேத்துதான் வயிறாரச் சாப்பிட்டேன்.”

இளையவர் பெருமூச்சு விட்டார். “என் கோடும் எறங்கித்தாங்க்கா இருந்துச்சு.”

நிறுத்தம் வந்தது. மூத்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்புறம் அவளோட சோசியல் மார்க்கயும் கிராப் போட்டுக் காட்னா. எண்பதுலருந்து அம்பதுக்கு வந்திருக்கு, ஆனா கோடு எறங்கின மாதிரியே தெரியல. நானும் ஓரத்துல நம்பரப் பார்த்தேன். நூறு மார்க் பரீட்சைக்கு ஆயிரம் வரைக்கும் போட்டு வச்சிருக்கா.”