டீசல் ஒட்டாத கரி

உங்கள் நாற்காலி ஆடுகிறது, ஐயா. காலுக்கடியில் ஓர் அட்டையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம். ஆடிக்கொண்டே எழுதினால் எழுத்து கோணிவிடும்.

நான் நிலக்கரி கழுவும் ஆலையில் தலைமை வேதியியலாளன். கட்டிக்கரியைக் கழுவ யாராலும் முடியும். மாவாகப் போன கரிதான் தலைவலி. மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கும். அதைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்து, எண்ணெய் ஒன்றும் நுரைக்கும் திரவம் ஒன்றும் விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதுவோம். எண்ணெய் பூசிய கரி தண்ணீரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குமிழியில் தொற்றி மேலே வந்துவிடும். மண் அடியில் தங்கிவிடும். நுரையை வழித்தால் கரி. எந்த எண்ணெய், எந்தத் திரவம், எவ்வளவு என்று தேர்ந்தெடுப்பது என் வேலை. ஆலையில் அவற்றை மருந்து என்போம். மருந்து குறைந்தால் கரி சாக்கடைக்குப் போகும். கூடினால் நுரை மண்ணையும் தூக்கிக்கொண்டு தரையெல்லாம் வழியும். எங்கள் இயக்குநருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நுரை உயரமாக நின்றால் போதும், கைதட்டுவார்.

நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து டீசல்தான் என் எண்ணெய். யாரும் வாய் திறந்ததில்லை.

என் தங்கை கணவரை நான்தான் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். பணிவான ஆள். பணிவானவர்களிடம் ஒரு தொல்லை, திட்டுவதற்கு வழியே வைக்க மாட்டார்கள். ஒருநாள் கண்ணாடிக் கலத்தோடு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. நம்ம கரி மாசக்கணக்கா வெளியில கெடந்து காத்துப் பட்ட கரி. அதுல டீசல் ஒட்ட மாட்டேங்குது. நல்ல கரியே கழிவுல போவுது. வேற மருந்து பாத்து வச்சிருக்கேன்."

"டீசல் ஒட்டாத கரி இன்னும் பூமியில பொறக்கல, மாப்பிள்ளை," என்றேன்.

சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். கலத்தை இயக்குநரிடம் கொண்டுபோனார். இயக்குநர் நுரையைப் பார்த்து மெய்மறந்து, ஒரே கரியில் இரண்டு மருந்தையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கலாம், எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்று உத்தரவு போட்டார்.

தங்கை வீட்டில் சாப்பிடும்போது அவளும் ஆரம்பித்தாள். "அவரு சொல்றத ஒரு தடவ போட்டுத்தான் பாரேண்ணா. உனக்கென்ன கொறஞ்சிடப் போவுது?"

எனக்கென்ன குறையும் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளைப் படிக்கவைத்ததே நான்தான்.

சோதனை நாள் காலையில், எங்கள் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருக்கும் மருந்து கலக்கும் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். என் டீசலின் பிசுக்கு மாப்பிள்ளையின் மருந்தோடு சேர்ந்துவிடக் கூடாதாம். ஆட்களை விடாமல் மாப்பிள்ளையே குழாயோடு உள்ளே இறங்கினார். இறங்குமுன் கலக்கியின் பொத்தானில் 'உள்ளே ஆள், தொடாதே' என்ற பலகையை மாட்டினார். எல்லாவற்றிலும் ஒழுங்கு. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"மச்சான், மேலதான இருக்கீங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன். நீங்க நிதானமா கழுவுங்க."

"நீங்க இருக்கீங்கன்னா எனக்குப் பயமில்ல."

பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். தரையில் போட்டால் யாராவது மிதித்துவிடுவார்கள். பிறகு பொத்தானை அமுக்கினேன். அந்தக் கலக்கியின் இறக்கைகள் ஓர் ஆள் நீளம். அதிக நேரம் ஓடவிடவில்லை. நிறுத்திவிட்டு, பலகையைப் பழையபடி மாட்டிவிட்டு, நான்தான் முதலில் கூச்சல் போட்டேன். தங்கையைத் தாங்கிப் பிடித்து, பாடைக்குப் பின்னால் தெருமுனைவரை அழைத்துப் போனவனும் நான்தான். நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பாதுகாப்புக் குழு என்று ஒன்று வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, பொத்தான் பழுது, தானாகவே இயங்கிவிட்டது, ஆய்வுக்கூடத்தின் பராமரிப்பு சரியில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அது என் ஆய்வுக்கூடம், ஐயா. அங்கே எந்தப் பொத்தானும் தானாக அமுங்காது. நான் அமுக்கினால்தான் அமுங்கும். அதைச் சொல்லத்தான் நானாகவே உங்கள் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருமுன் மாப்பிள்ளையின் மருந்தை நானே போட்டுப் பார்த்தேன். கரி அவ்வளவும் மேலே வந்துவிட்டது. அடியில் வெறும் மண். நேரே தங்கை வீட்டுக்குப் போனேன்.

"உன் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரிம்மா," என்றேன்.

"எதண்ணா?" என்றாள்.

"மருந்த."

அவள் ஏன் அப்படி அழுதாள் என்று தெரியவில்லை. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இதே தப்பை வேறு யாராவது செய்திருந்தால் மூடி மறைத்திருப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்: எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் நான் தவறிவிட்டேன்.