கரை கருகாமல்

இல்லைத் தம்பி, கரை மண்ணிறமாகிறது மெசின்ரை பிழை இல்லை. ஓடவிடுற ஆளின்ரை பிழை. முதல் உதிலை இருங்கோ. கலியாணக் கார்ட் அடிக்க வந்தவர், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பெடியன் மாதிரி வாசலிலை நிக்கிறதே?

என்னது, அன்ரியோ? முந்தி மாமி எண்டெல்லோ கூப்பிட்டனீங்கள். சரி சரி, முகத்தைத் தொங்கப்போடாதேங்கோ, பகிடிக்குச் சொன்னனான்.

இஞ்சை பாருங்கோ. லேசர் மட்டையிலை மெல்லப் போச்செண்டால் கருக்கிப்போடும். சூட்டைக் குறைச்சுக் கெதியா ஓடவிடவேணும். மொத்த மட்டையை ஒரே தரத்திலை வெட்ட வெளிக்கிடக் கூடாது, மெல்லிசா ரெண்டு தரம் விடவேணும். முன்பக்கத்துக்குக் கடுதாசி ரேப் ஒட்டினால் புகை படியாது. வன்னா, னன்னா எண்ட எழுத்துகளுக்கெல்லாம் வயிறு இருக்கெல்லோ, அதுகளுக்குச் சின்னதா ஒரு பாலம் விடாட்டில் வயிறு கழண்டு கீழை விழுந்திடும். எல்லாத்தையும் விட முக்கியம் காத்து. உந்தப் பம்ப் ஊதினால்தான் புகை விலகும், கரை வெள்ளையா வரும்.

பொறுங்கோ, கோச்சி போகட்டும். தண்டவாளம் பின்மதிலோடை. அது போகேக்கை வெட்டினால் கோடு நடுங்கும். கொக்குவிலிலை உதொரு கரைச்சல்.

ஓம், எல்லாம் மகள் காட்டித் தந்ததுதான். நான் தையல் மெசினோடை கிடந்தவள், எனக்கென்ன தெரியும்? பம்பைப் போட மறந்தால் இப்பவும் பின்னாலை நிண்டு, அம்மா, காத்து, எண்டு சொல்லுவாள். சத்தியமாக் கேக்கும் தம்பி. நான் திரும்பிப் பாக்கிறேல்லை. பாத்தால் பிறகு கேளாமல் போயிடுமோ எண்டு பயம்.

அவளின்ரை படத்தைப் பாத்து அழாதேங்கோ. கலியாணத்துக்கு நாள் வைச்சிருக்கெண்டு டெங்குக் காய்ச்சல் பாக்குமே? ஆஸ்பத்திரி வாசலிலை நீங்கள் நிண்ட நிலையை நான் கண்டனான். வேறை கடையிலை பேசாமல் அடிச்சிருக்கலாம். என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லவேணுமெண்டு வந்தனீங்கள் பாருங்கோ, அது காணும் எனக்கு. எவ்வளவு காலத்துக்கு உப்பிடியே நிப்பியள்? செய்யுங்கோ, சந்தோசமாச் செய்யுங்கோ.

பொம்பிளைக்கு என்ன பேர்? பிரசாந்தியோ. நல்ல பேர்.

புதுசாக் கீறத் தேவையில்லை. உங்கடை ரெண்டு பேருக்கும் எண்டு அவள் செய்த கார்ட் கொம்பியூட்டரிலை அப்பிடியே கிடக்கு. கார்ட் விசயமா வாறனெண்டு நீங்கள் போன் எடுத்த பிறகு திறந்து பாத்தன். நிருஷன், நிவேதனா. ரெண்டு பேருக்கும் சேத்துப் பெரிசா ஒரே ஒரு நி. அதிலையிருந்து மேலை ருஷன், கீழை வேதனா. விசரி! தனக்கெண்டு ஒரு நி போட்டிருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும். கீழை உள்ளதை அழிச்சிட்டன். நி-யை அழிக்கேல்லை, அது உங்கடை பேருக்கும் வேணும்தானே.

இந்தா, மாதிரிக்கு ஒண்டு வெட்டிக் காட்டுறன். ஓம், புகை வரும். ஓம், கரை கருகுது, எனக்கும் தெரியுது. நெருப்புப் பிடிக்குமோ? ஒருக்காப் பிடிச்சதுதான், ஈரச்சாக்கு வைச்சிருக்கிறன். ஐயோ, எழும்பாதேங்கோ, பம்பிலை கை வைக்காதேங்கோ! உங்கடை கார்ட் எல்லாம் பம்பைப் போட்டுத்தான் வெட்டுவன், பால் மாதிரி வெள்ளையா வரும். இது ஒண்டு மட்டும் இப்பிடிப் போகட்டும்.

மறக்கிறதோ? எங்கை தம்பி மறக்கிறது. வேணுமெண்டுதான் போடாமல் விடுறனான். நான் போட்டிட்டால் அவள் ஏன் சொல்லப்போறாள்?

கொஞ்சம் கதையாமல் இருங்கோ.