வெள்ளிக்கிழமைப் பூமி

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் காலை ரயிலில் எனக்கெதிரே அக்காவும் தங்கச்சியும். அக்காவின் மடியில் ஒரு மாம்பழம்.

“அவிச்ச முட்டையை வெட்டித்தானே பூமியைக் காட்டச் சொன்னவ டீச்சர்?”

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா முட்டை அவிக்க விடுவாவே?”

“டீச்சர் ஏசுவா, அக்கா.”

“ஏசட்டும்! பூமிக்கு நட்டநடுவில கெட்டியான உருண்டை இருக்கெண்டு கண்டுபிடிச்சவையாம். மாமா பேப்பரில பாத்தவர். மஞ்சள் கருவுக்குள்ள அப்பிடியொரு உருண்டை இருக்கோ? இஞ்ச பார், தோல் நாங்கள் நிக்கிற தரை. சதை சூடான பாறை. கொட்டையைச் சுத்தியிருக்கிற சாறு உருகின இரும்பு. கொட்டைதான் அந்த உருண்டை!”

தங்கச்சி இருக்கையிலிருந்து துள்ளி எழும்பினாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“அக்கா! அப்ப பூமி சைவம்!”