கோட்டுக்கு வெளியே ஒரு காசித்தும்பை

சர்வேயர்: ...இன்னிக்கும் மூணு! எண்ணிட்டுத்தான் கூப்பிட்டேன். நீங்களே வந்து எட்டிப் பாருங்க.

டெய்லரம்மா: இருங்க சார், வர்றேன்... ஊசியில நூல் கோத்துட்டு இருந்தேன்... ம், வந்துட்டேன்.

சர்வேயர்: அதென்ன டொங்குனு ஒரு சத்தம்?

டெய்லரம்மா: ஒண்ணுமில்ல, பாத்திரம். நீங்க சொல்லுங்க. என்ன மூணு?

சர்வேயர்: காசித்தும்பை! வேற என்ன? உங்க தோட்டத்துச் செடி, என் தோட்டத்துல! நடுவுல சுவருன்னு ஒண்ணு எதுக்கு நிக்குது?

டெய்லரம்மா: அது செடிக்குத் தெரியாதே சார். காய் முத்துனா வெடிக்கும். வெடிச்சா விதை தெறிக்கும். சுவர் எங்க இருக்கு, சர்வே நம்பர் என்னன்னு விசாரிச்சுட்டா தெறிக்கும்?

சர்வேயர்: முப்பத்திரண்டு வருஷம் ஊர்ல இருக்கறவங்க நிலத்தையெல்லாம் அளந்து எல்லைக்கல் நட்டவன் நான். ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தா, என் எல்லையை ஒரு பூச்செடி தாண்டுது! சிரிக்காதீங்க.

டெய்லரம்மா: சிரிக்கல சார். வாயில குண்டூசி இருக்கு.

சர்வேயர்: அதை முதல்ல எடுங்க. முழுங்கிடப் போறீங்க.

டெய்லரம்மா: எடுத்துட்டேன். சரி... இது எத்தனாவது புகார்னு ஞாபகம் இருக்கா?

சர்வேயர்: இருபத்திரண்டு.

டெய்லரம்மா: இருபத்து மூணு. போன செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை கூப்பிட்டீங்க.

சர்வேயர்: அன்னிக்கு மத்தியானம் புதுசா ஒண்ணு முளைச்சுது.

டெய்லரம்மா: காலையில இல்லாத செடி, மத்தியானம் முளைச்சு, பூவும் விட்டுச்சு.

சர்வேயர்: என் மண்ணு அப்படி.

டெய்லரம்மா: நானும் என்னதான் சார் பண்றது? விதை வாங்கல, உரம் வெக்கல. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிடி தூவினதோட சரி. செடி வருஷா வருஷம் காயுது, விழுந்த விதை வருஷா வருஷம் முளைக்குது. மிஷின்ல உக்காந்தா எழுந்திருக்க நேரமில்லாதவளுக்குன்னே பொறந்த செடி. ஒரு நாள் தண்ணி மறந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். ஒரு சொம்பு ஊத்துங்க, அரை மணியில சமாதானம் ஆயிடும். நான் கட்டிக்கிட்ட மனுஷன் இருந்தாரே, புண்ணியவான், அவருக்கு மூணு நாள் ஆகும்.

சர்வேயர்: அதெல்லாம் சரி. ஆனா என் புகார்...

டெய்லரம்மா: பூவைக் கிள்ளி கிண்ணத்துத் தண்ணியில மிதக்க விட்டா, அளவு கொடுக்க வர்றவங்க அதையே பாத்துட்டு இருப்பாங்க. தையல் கோணலா இருந்தாக்கூடக் கண்ணுல படாது. எனக்கு அது எவ்வளவு உபகாரம்! ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவுன்னு ஆன பிறகு... அதான், ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.

சர்வேயர்: என்ன முடிவு?

டெய்லரம்மா: கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன்.

சர்வேயர்: கொத்தனாரா? எதுக்கு?

டெய்லரம்மா: கொத்தனார் எதுக்கு சார் வருவார்? சுவருக்குத்தான்.

சர்வேயர்: சுவரை... என்ன பண்ணப் போறீங்க?

டெய்லரம்மா: இனிமே நீங்க இப்படி வந்து நின்னு கத்த வேண்டாம். அதுக்கு வழி பண்ணப் போறேன்.

சர்வேயர்: நான் எங்க கத்தினேன்? கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

டெய்லரம்மா: நாலாவது வீட்டுக்காரங்க என்னைக் கேக்கறாங்க, 'இன்னிக்குக் காசித்தும்பைக் கச்சேரி முடிஞ்சுதா'ன்னு.

கொத்தனார்: அம்மா... வாசல் கேட் திறந்து இருந்துச்சு, உள்ள வந்துட்டேன். இந்தச் சுவர்தானா?

டெய்லரம்மா: இதேதான். வாங்க கொத்தனாரே.

கொத்தனார்: அம்மா, பாத்து நில்லுங்க... ஆடுது.

டெய்லரம்மா: நீங்க உங்க வேலையைப் பாருங்க.

சர்வேயர்: என்ன ஆடுது?

கொத்தனார்: ஒண்ணுமில்ல சார். அம்மா எதையும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் வாயே திறக்க மாட்டேன். போன மாசம் ஒரு வீட்டுல வாயைத் திறந்துதான், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டாங்க. எதுல ஆரம்பிச்சுதுன்னா...

டெய்லரம்மா: கொத்தனாரே!

கொத்தனார்: மூடிட்டேன்மா. மூணு அடின்னு சொன்னீங்க, அதே அளவுதானே?

டெய்லரம்மா: மூணு அடிதான்.

சர்வேயர்: மூணு அடியா! இப்பவே சுவர் நாலரை அடி. நாலரையும் மூணும்... ஏழரை! டெய்லரம்மா, ஏழரை!

டெய்லரம்மா: யாருக்கு சார்?

சர்வேயர்: எனக்குத்தான்! இல்ல... உங்களுக்குத்தான் சொல்றேன். செலவு வேற. வெயில் வராது உங்களுக்கு.

டெய்லரம்மா: காசித்தும்பைக்கு அரை நிழல் இருந்தா இன்னும் நல்லாத்தான் வரும்.

சர்வேயர்: காத்து?

டெய்லரம்மா: மிஷின் ரூம்ல ஃபேன் இருக்கு.

சர்வேயர்: தேனீ! தேனீயை மறந்துட்டேன் பாருங்க. இந்தப் பூவுக்கு வர்ற தேனீதான் என் வெள்ளரிக் கொடிக்கும் வருது. போன வருஷம் ஒரு பிஞ்சு இல்ல. இந்த வருஷம் பதினொண்ணு!

டெய்லரம்மா: தேனீ கொட்டிடுச்சுன்னு புகார் கொடுத்தீங்களே? பதினெட்டாவது.

சர்வேயர்: கொட்டினது எறும்பு. நான்தான் அவசரப்பட்டுத் தேனீ மேல பழி போட்டுட்டேன்.

டெய்லரம்மா: றெக்கை இருந்துச்சுன்னு சொன்னீங்க.

சர்வேயர்: எறும்புக்கும் றெக்கை முளைக்கும்!

கொத்தனார்: முளைக்கும்மா. மழைக்கு முன்னாடி.

சர்வேயர்: பாருங்க, கொத்தனாரே சொல்றார். நல்ல மனுஷன். ஐயா, உங்களுக்கு வேற எங்கேயாவது வேலை இல்லையா இன்னிக்கு?

கொத்தனார்: இல்ல சார், ஃப்ரீதான்.

டெய்லரம்மா: சார், கையைக் காட்டுங்க.

சர்வேயர்: எந்தக் கை?

டெய்லரம்மா: முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அந்தக் கை.

சர்வேயர்: அது... சிவப்பு மை. பழைய வரைபடம் ஒண்ணு...

டெய்லரம்மா: இடது கை சுண்டுவிரல் நகத்துல மட்டும் அளவா, ஓரம் பிசிறாம மை படுமா?

சர்வேயர்: நீங்கதானே சொன்னீங்க! இதழை நசுக்கி வெச்சுக் கட்டினா நகம் சிவக்கும்னு. எதையும் சோதிச்சுப் பாக்காம நம்பறது என் வழக்கம் இல்ல. சோதிச்சேன்.

டெய்லரம்மா: சிவந்துதா?

சர்வேயர்: நாலு நாள் ஆச்சு, போக மாட்டேங்குது. பால் வாங்கப் போனாலும் பாக்கெட்டுல கையை விட்டுட்டே நிக்கிறேன்.

கொத்தனார்: நல்லாத்தான் சார் இருக்கு.

சர்வேயர்: உங்களை யாருய்யா கேட்டா?

டெய்லரம்மா: அது போகட்டும். உங்க பக்கம் ரெண்டு குச்சி நட்டு நூல் கட்டியிருக்கே, அது எதுக்கு?

சர்வேயர்: அது... தக்காளிக்கு.

டெய்லரம்மா: தக்காளி எங்க?

சர்வேயர்: வரும்.

டெய்லரம்மா: நூலுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் காசித்தும்பையா இருக்கே?

சர்வேயர்: தக்காளிக்கு விட்ட இடத்துல உங்க விதை வந்து விழுந்து தொலைச்சுது. அதைத்தானே சொல்லிட்டு இருக்கேன் இத்தனை நாளா!

டெய்லரம்மா: நேர்கோட்டுல?

சர்வேயர்: காத்து அப்படி அடிச்சிருக்கும்.

டெய்லரம்மா: சிவப்பு, வெள்ளை, ரோஸ்... மறுபடி சிவப்பு, வெள்ளை, ரோஸ்... காத்து கலரும் பாத்து அடிச்சுதாக்கும்?

சர்வேயர்: இயற்கையோட அதிசயம்.

கொத்தனார்: சார், உங்க பக்கமும் கொஞ்சம் ஒத்தாசை வேணும். நான் சாக்பீஸ்ல ரெண்டு கோடு போட்டிருக்கேன் பாருங்க... இதுக்கு நேர் கீழ உங்க பக்கம் இருக்கிற செடி நாலும் மிதிபடும். இப்பவே பிடுங்கிப் போட்டுடவா?

சர்வேயர்: தொடாதீங்க!

கொத்தனார்: ஏன் சார்? வேண்டாத செடிதானே?

சர்வேயர்: எந்த நாலு? இருங்க... ஏழு, எட்டு, ஒன்பது, பத்து... ஐயோ, ஒன்பதாம் நம்பரா? அது போன வாரம்தான் தலை நிமிர்ந்துது! நத்தை தின்னது போக மிச்சம் இருந்ததைச் சாம்பல் தூவிக் காப்பாத்தி...

கொத்தனார்: நான் வேணா அந்தப் பக்கம் போய் நிக்கட்டுமா?

டெய்லரம்மா: ஒன்பதாம் நம்பரா சார்?

சர்வேயர்: வாய் தவறி வந்துடுச்சு.

டெய்லரம்மா: முப்பது வருஷமா தைக்கிறேன். தானா விழுந்த மடிப்பு எது, கையால எடுத்த மடிப்பு எதுன்னு தெரியாதா எனக்கு? செடிக்குச் செடி ஒரே சாண் இடைவெளி.

சர்வேயர்: சாண் இல்ல. ஒன்பது அங்குலம்... சரி. நான்தான் நட்டேன்.

டெய்லரம்மா: ம்.

சர்வேயர்: என்ன 'ம்'? மானம் போகுது எனக்கு. போன வருஷம் நிஜமாவே ஒண்ணு தாவி வந்துச்சு. சத்தியமா கோபத்துலதான் கூப்பிட்டேன். நீங்க வந்து நின்னு, அந்தச் செடியைப் பத்தி, மிஷின் பெல்ட்டு அறுந்ததைப் பத்தி, உங்க பொண்ணு சாம்பார்ல சர்க்கரையைப் போட்டதைப் பத்தி... இருபது நிமிஷம் பேசிட்டுப் போனீங்க. என் வீட்டுல பேச்சுக்குரல்னு ஒண்ணு கேட்டா அது ரேடியோதான். அன்னிக்குச் சாயங்காலம் அதைக்கூடப் போடல நான். அடுத்த வாரம் உங்களைக் கூப்பிடலாம்னு பாத்தா... புதுசா ஒரு செடியும் தாவி வரல.

டெய்லரம்மா: சும்மா கூப்பிட்டிருக்கலாமே?

சர்வேயர்: சும்மாவா? என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? காரணம் இல்லாம ஒரு இடத்துல கால் வெச்சு எனக்குப் பழக்கம் இல்ல. அதான், அந்தச் செடி காய்ச்சதும் ஒவ்வொரு காயா காகிதத்துக்குள்ள வெடிக்க வெச்சு, விதை எடுத்து... கலருக்கு மட்டும் உங்க பக்கம் கை நீட்டி நாலு காய் திருடினேன்.

டெய்லரம்மா: தெரியும்.

சர்வேயர்: திருடினதா?

டெய்லரம்மா: எல்லாமே. ரெண்டாவது புகார்லயே தெரியும்.

சர்வேயர்: அப்புறம் ஏன் இருபத்து மூணு வரைக்கும் வந்து நின்னீங்க?

டெய்லரம்மா: நீங்க கூப்பிட்டீங்களே சார்.

கொத்தனார்: அம்மா, கலவை போடலாமா, இல்ல நான் ஒரு டீ குடிச்சுட்டு வரவா?

சர்வேயர்: கொஞ்சம் சும்மா இருய்யா! ...டெய்லரம்மா, எல்லாம் தெரிஞ்சுமா ஏழரை அடிக்கு உசத்தறீங்க? வேண்டாம்மா. இனிமே ஒரு புகார் வராது. எழுதிக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட்டு, முத்திரை... முத்திரையை ஆபீஸ்ல கொடுத்துட்டேன். கையெழுத்து மட்டும் போடறேன். பதிமூணு செடியும் நான் நட்டது. நான்தான் குற்றவாளி.

டெய்லரம்மா: அங்க பதினாலு இருக்கே சார்?

சர்வேயர்: அந்த ஊதாவா? அது மட்டும் என் வேலை இல்ல. பாருங்க, கோட்டுக்கு ஒண்ணரை அடி வெளிய நிக்குது. என் கைக்கு அப்படிக் கோணலா நட வராது. அது ஒண்ணுதான் இந்த வருஷம் தானா தாவி வந்தது. அதுக்கு மட்டும் நான் புகாரே கொடுக்கல. தினமும் அதுக்குத்தான் முதல் தண்ணி.

டெய்லரம்மா: தினமும் முதல் தண்ணியா?

சர்வேயர்: உங்க பக்கத்துலேர்ந்து அதுவா வந்ததாச்சே.

டெய்லரம்மா: ...கொத்தனாரே, நீங்க என்னமோ கேக்கணும்னு சொன்னீங்களே. கேளுங்க.

கொத்தனார்: அப்பாடா! சார் முன்னாடியே கேக்கலாமா?

டெய்லரம்மா: சார் முன்னாடியே கேளுங்க.

கொத்தனார்: அந்த மூணு அடிக் கதவு, உங்க பக்கம் திறக்கணுமா, சார் பக்கம் திறக்கணுமா?

சர்வேயர்: கதவா? சுவரை உசத்தலையா? ...சுவர்ல எதுக்கு இப்பக் கதவு?

டெய்லரம்மா: ஊரையே அளந்தீங்க, இதை அளக்கலையே சார்! சுவர் நாலரை அடி, நான் நாலே முக்கால். கணக்குப்படி உங்களுக்கு என் கொண்டை மட்டும்தான் தெரியணும். இருபத்து மூணு புகாருக்கும் வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னுதான் பேசிட்டு இருக்கேன், முழங்கால் விட்டுப் போச்சு... அந்த ஊதா விதையை உங்க கோட்டுல சரியா விழற மாதிரி எறியலாம்னு பாத்தப்பத்தான் வாளி ஆடி, குறி தப்பிடுச்சு!